நன்றாகப் பேசும் ஆட்டிசப் பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்க: தாள்கள், செலவு, காலக்கெடு

என் மகனுக்கு ஆஸ்பெர்ஜர், அதாவது பேச்சு நன்றாக வரும் ஒரு வகை ஆட்டிசம், என்று தெரிந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. இப்போது பதினாறு, பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். நாங்கள் இருப்பது டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊர். அவன் படித்தது மாநிலப் பாடத்திட்டத் தனியார் பள்ளி. அங்கே சிறப்பாசிரியரும் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை. பாடம் அவனுக்கு வரும், பேச்சும் வரும். மதிய இடைவேளைக் கூச்சல், குழுவாகச் சேர்ந்து செய்யும் வேலை, சொல்லாமல் மாறும் டைம்டேபிள், மூன்று மணி நேரத்துக்குள் எழுதி முடிப்பது, இந்த நான்கும்தான் வராது.

"நல்லாத்தானே பேசுறான், இவனுக்கு என்ன?" இந்த ஒரு வாக்கியத்தைப் பள்ளியில், ஆஸ்பத்திரியில், சொந்தக்காரர் வீட்டில் எல்லா இடத்திலும் கேட்டுவிட்டோம். உங்கள் பிள்ளையும் இப்படி என்றால், வாய்வார்த்தையாகக் கிடைக்கும் உதவியை நம்பி இருக்காதீர்கள். ஆள் மாறினால் அது போய்விடும். எங்களுக்குக் கடைசிவரை நின்றது எழுத்தில் வாங்கியது மட்டும்தான்.

எட்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். நாங்கள் ஒன்பதாம் வகுப்பு பாதியில் தொடங்கி, கடைசி நேரத்தில் ஓடினோம். கீழே இருப்பது தமிழ்நாட்டு நடைமுறை.

1. பெயரைச் சரிபாருங்கள்

மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு 2013இல் ஆஸ்பெர்ஜர் என்ற தனிப்பெயரை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற ஒரே பெயரில் சேர்த்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடப்பில் உள்ள பட்டியலும் அப்படித்தான். நம் நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதிலும் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் இருக்கிறது, ஆஸ்பெர்ஜர் இல்லை.

எங்கள் முதல் அறிக்கையில் ஆஸ்பெர்ஜர் என்று மட்டும் இருந்தது. சான்றிதழுக்குப் போன இடத்தில் கவுண்டரில் இருந்தவர் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேரு இதுல இல்லையேம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். அவர்மேல் தப்பில்லை. ஆனால் எங்களுக்கு இரண்டு மாதம் போயிற்று. அறிக்கையில் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற சொல் கட்டாயம் வர வேண்டும். அரசுத் தமிழ்ப் படிவங்களில் இதையே 'மதியிறுக்கம்' என்றும் 'புற உலகச் சிந்தனையற்ற நிலை' என்றும் போட்டிருப்பார்கள். பார்த்துக் குழம்ப வேண்டாம்.

வீட்டில் பிள்ளை தன்னை எந்தப் பெயரில் சொல்லிக்கொள்ள விரும்புகிறதோ, அப்படியே சொல்லட்டும். என் மகனுக்கு ஆஸ்பெர்ஜர் என்ற சொல்தான் பிடிக்கும்.

2. மதிப்பீட்டு அறிக்கை: யாரிடம் வாங்குவது

இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எழுதிய அறிக்கையாக இருக்க வேண்டும். முத்திரையில் பதிவு எண் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். நாங்கள் முதலில் போனது ஒரு கவுன்சலிங் சென்டர். 2,500 ரூபாய் வாங்கினார்கள், வழவழ தாளில் அறிக்கை கொடுத்தார்கள், பதிவு எண் இல்லை. அது எங்கேயும் செல்லவில்லை. இரண்டாவது இடத்தில் 5,500 ஆயிற்று.

பணம் இல்லையென்றால் அரசு வழி இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் 'மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம்' இருக்கும். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ, முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் பன்முகக் குறைபாடுடையோர் மேம்பாட்டு நிறுவனத்துக்கோ போகலாம். வேலூர் சிஎம்சியிலும் பிள்ளைகளுக்கான மனநலப் பிரிவு இருக்கிறது. ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள். லீவு போடத் தயாராக இருங்கள்.

அறிக்கையின் கடைசிப் பத்திதான் பள்ளிக்குத் தேவை. "பரிந்துரைகள்" என்று தலைப்புப் போட்டு, தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை அல்லது சத்தம் குறைந்த இடம், முன்வரிசை இருக்கை என்று தெளிவாக எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் "பெற்றோர் ஆதரவு தேவை" என்று ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். பிள்ளை எழுதுவதற்கு ரொம்பத் திணறினால் கற்றல் குறைபாட்டுக்கும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த 21 வகையில் அதுவும் உண்டு.

3. யூடிஐடி அட்டையும் மருத்துவக் குழுவும்

எல்லாச் சலுகைக்கும் அடிப்படை மாற்றுத்திறனாளி சான்றிதழும், அதோடு வரும் யூடிஐடி என்ற தேசிய அடையாள அட்டையும்தான். விண்ணப்பம் மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் தளத்தில். இ-சேவை மையத்திலும் போட்டுத் தருவார்கள். பிள்ளையின் ஆதார், போட்டோ, முகவரிச் சான்று, செல்போன் எண் வேண்டும். சான்றிதழுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. விண்ணப்பம் போட்டதும் ஒரு பதிவு எண் வரும், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பார்த்துச் சதவீதம் போடும் மருத்துவக் குழு எந்தக் கிழமையில், எந்த அறையில் உட்காரும் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். நாங்கள் கேட்காமல் போய் ஒரு நாளை வீணாக்கினோம்.

எத்தனை சதவீதம் என்பதுதான் முக்கியம். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். ஆட்டிசத்துக்கு 'ஐசா' என்ற இந்திய அளவுகோல் வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். அதில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை. மொத்தம் 70 வந்தால்தான் ஆட்டிசம் என்ற கணக்கில் வரும். இந்த மதிப்பெண்ணில் பெரும்பகுதி நீங்கள் சொல்லும் பதிலை வைத்துத்தான்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேசியே பழகிவிட்டோம் அல்லவா? "தானே குளிப்பானா?" என்று கேட்டார்கள். "குளிப்பான் சார்" என்றேன். உண்மையில் நான் கதவுக்கு வெளியே நின்று, "சோப்பு போட்டாச்சா, இப்ப தண்ணி ஊத்து, தலையைத் துவட்டு" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். "நண்பர்கள் உண்டா?" "உண்டு சார்." பக்கத்து பெஞ்சுப் பையன் இவன் நோட்டை வாங்கிக் காப்பியடிப்பான், அதைத்தான் நட்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். முதல் தடவை 40 சதவீதத்துக்குக் கீழேதான் போட்டார்கள்.

இரண்டாவது தடவை போவதற்கு முன்னால் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அவன் தானே செய்வது எது, சொன்னால் செய்வது எது, சொன்னாலும் முடியாதது எது என்று. கூட்டிச் சொல்லவும் இல்லை, மறைக்கவும் இல்லை. மழைக்காக ரயில் தாமதமான அன்று பிளாட்பாரத்தில் அவன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்ட வீடியோ போனில் இருந்தது, அதையும் வைத்திருந்தேன். அப்புறம் அவனுடைய கணக்கு நோட்டு. ஒரு எண் கோணலாக விழுந்தால் அழித்து அழித்து எழுதுவான், ஒரு பக்கத்தில் தாளே ஓட்டையாகிவிட்டது. குழுவில் இருந்த டாக்டரம்மா அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "இந்த ஒரு கணக்குக்கு எவ்வளவு நேரம் ஆச்சுப்பா?" என்று அவனைக் கேட்டார். "இருபத்தேழு நிமிஷம்" என்றான். 50 சதவீதம் கிடைத்தது.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே மூன்றைப் பாருங்கள். பெயரின் எழுத்து ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் உள்ளபடியே இருக்கிறதா? பிறந்த தேதி சரியா? எந்தத் தேதிவரை செல்லும்? பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே காலாவதியாகும் சான்றிதழ் என்றால், புதுப்பிக்கும் வேலையை ஒன்பதாம் வகுப்புக் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு விண்ணப்பத்திலிருந்து சான்றிதழ் வரை, இரண்டு தடவை போனதையும் சேர்த்து, ஐந்து மாதம் ஆயிற்று.

4. பள்ளிக்குக் கடிதம்

முதலில் வகுப்பாசிரியரிடம் நேரில் பேசுங்கள். அவர்தான் தினமும் பிள்ளையோடு இருப்பவர், அவருக்குத் தெரியாமல் மேலே போனால் மனக்கசப்பு வரும். பேசிய பிறகு, அன்றோ மறுநாளோ தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுங்கள்.

எங்கள் தலைமையாசிரியர் ஜூன் மாதமே, "கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார். நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். நவம்பரில் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவரிடம் கேட்டால், "அப்படி எதுவும் ஃபைல்ல இல்லையே" என்றார். ஃபைலில் எப்படி இருக்கும், நாங்கள் எதையும் எழுதிக் கொடுக்கவே இல்லையே.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நான் கொடுத்தது இப்படி:

"என் மகன் ... வகுப்பு ... பிரிவில் படிக்கிறான். அவனுக்கு ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் குறைபாடு 50 சதவீதம் (சான்றிதழ் நகல் இணைப்பு). மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16 மற்றும் 17இன்படி கீழ்க்கண்ட வசதிகளைச் செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன். 1. பள்ளித் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம். 2. வாசல், ஜன்னல் ஓரம் இல்லாத முன்வரிசை இருக்கை. 3. டைம்டேபிள் மாறினால் முதல் நாளே டைரியில் குறிப்பு. 4. மதிய இடைவேளையில் நூலகத்தில் இருக்க அனுமதி. பொதுத்தேர்வுச் சலுகைகளுக்கும் உரிய காலத்தில் பரிந்துரைக்க வேண்டுகிறேன்."

பிரிவு 16 அரசு நிதி பெறும் பள்ளிக்கு மட்டும் இல்லை, அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிக்கும் பொருந்தும். "நாங்க பிரைவேட், எங்களுக்கு அது வராது" என்று சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள். கூடுதல் நேரம், எழுதித் தரும் ஆள், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு மூன்றும் பிரிவு 17இல் பெயர் சொல்லியே இருக்கின்றன.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் தேதியும் பள்ளி முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை போட வேண்டாம். தபால் நிலையத்தில் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள் (பழைய பதிவுத் தபாலை 2025இல் இதோடு சேர்த்துவிட்டார்கள்).  அந்த ஒப்புகைதான் உங்கள் சாட்சி.

ஒவ்வொரு ஜூனிலும் இதே கடிதத்தைப் புதுத் தேதியோடு மறுபடி கொடுங்கள். வகுப்பாசிரியர் மாறிவிடுவார்.

5. வகுப்பறையில்: செலவில்லாமல் கேட்கக்கூடியவை

பாட ஆசிரியர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அவன் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான், அது மரியாதைக் குறைவு இல்லை. "புத்தகத்தை மூட முடியுமா?" என்று கேட்டால் "முடியும்" என்று சொல்லிவிட்டு அப்படியே இருப்பான், "மூடு" என்று சொன்னால் மூடிவிடுவான். ஆசிரியர் போர்டில் தப்பாக எழுதினால் அந்த நொடியே சொல்லிவிடுவான், அவமானப்படுத்த அல்ல. இந்த மூன்று வரி அவன் அடி வாங்குவதைக் குறைத்தது. முன்பெல்லாம் "எதிர்த்துப் பேசுறான்" என்று மாதம் ஒரு தடவை என்னைக் கூப்பிடுவார்கள்.

மணி அடிக்கும் இடத்துக்குப் பக்கத்து வகுப்பறை என்றால் மாற்றிக் கேளுங்கள். குழு வேலையில் அவனுக்கென்று ஒரு தனிப் பங்கைக் கொடுக்கச் சொல்லுங்கள், "சேர்ந்து செய்யுங்க" என்று விட்டால் ஓரமாக நின்றுவிடுவான். வீட்டுப்பாடத்தை வாயால் சொன்னால் போதாது, டைரியில் எழுதியிருக்க வேண்டும்.

பட்டப்பெயர் வைப்பது, பையை ஒளிப்பது, சாப்பாட்டுடப்பாவைத் தூக்கிப் போடுவது எல்லாம் நடக்கும். இந்தப் பிள்ளைகள் வந்து சொல்லமாட்டார்கள், கேட்டால் நிமிடம் பிசகாமல் நேரத்தோடு சொல்வார்கள். தினமும் "இன்னைக்கு ரீசஸ்ல எங்க நின்ன, பக்கத்துல யாரு?" என்று கேளுங்கள். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று தடவை நடந்தால் நோட்டோடு போய் எழுத்தில் புகார் கொடுங்கள்.

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் உங்களுக்கு ஒரு வழி கூடுதலாக உண்டு. வட்டார வள மையத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், பள்ளிக்கு வந்து பார்ப்பார்கள். தலைமையாசிரியர் மூலம் பிள்ளையின் பெயரை அவர்கள் பட்டியலில் சேருங்கள். எங்கள் தனியார் பள்ளிக்கு அது கிடைக்கவில்லை. இப்போது நினைத்தால், ஆறாம் வகுப்பிலேயே அரசுப் பள்ளிக்கு மாற்றியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

6. பொதுத்தேர்வுச் சலுகை

மாநிலப் பாடத்திட்டத்தில் மாற்றுத்திறன் மாணவர்கள் கேட்கும் முக்கியச் சலுகைகள்: கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு. எது எந்தக் குறைபாட்டுக்கு என்பதை அந்த ஆண்டுப் படிவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளித் தலைமையாசிரியர் மூலமாகத்தான் விண்ணப்பம் போகும். அங்கிருந்து கல்வி அலுவலகம், பிறகு அரசுத் தேர்வுகள் துறை. நேரடியாக நீங்கள் கொடுக்க முடியாது. அதனால்தான் பள்ளியோடு உறவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

வேண்டியவை: சான்றிதழ் நகல், யூடிஐடி அட்டை நகல், மதிப்பீட்டு அறிக்கை, போட்டோ, பெற்றோர் கடிதம், தலைமையாசிரியர் பரிந்துரை. ஐந்து செட் எடுத்து வையுங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்த வாரமே கொடுத்துவிடுங்கள். தேர்வு எழுதுபவர்களின் பெயர்ப்பட்டியலைப் பள்ளி அனுப்பும் நேரத்துக்குள் இது போயிருக்க வேண்டும். கொடுத்த பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு தடவை "எந்த மேசையில் இருக்கிறது" என்று கேட்டுக்கொண்டே இருங்கள். அனுமதி ஆணையின் நகலைக் கையில் வாங்கும்வரை வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள்.

சிபிஎஸ்இ என்றால் மூன்று மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடம் கூடுதல். சொல்வதை எழுதுபவரும் உண்டு. அங்கேயும் பள்ளி வழியாகத்தான்.

எதைக் கேட்பது என்று யோசித்துக் கேளுங்கள். சொல்வதை எழுதுபவர் வந்தால் நல்லதுதானே என்று நாங்களும் நினைத்தோம். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது, முன்பின் தெரியாத டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவன் வாயே திறக்கவில்லை. அவர் ஒரு எழுத்தைத் தப்பாக எழுதியதும் பேனாவைப் பிடுங்கினான். அதனால் நேரத்தை மட்டும் கேட்டோம். உங்கள் பிள்ளைக்கு ஆள் வேண்டும் என்றால் அரையாண்டுத் தேர்விலிருந்தே பழக்குங்கள். மொழி விலக்கும் அப்படித்தான். அவனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், தமிழ்க் கட்டுரைதான் கஷ்டம். இருந்தாலும் மேற்படிப்பில் யாராவது கேள்வி கேட்பார்களோ என்று நாங்கள் விலக்கு வாங்கவில்லை. அவன் தமிழில் 58 எடுத்தான். வாங்குவதில் தப்பில்லை, நீங்கள் சேர நினைக்கும் பள்ளியில் முன்பே கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

7. பணம்

எங்களுக்கு மொத்தம் ஆனது: இரண்டு அறிக்கைகள் 8,000, பயணம் ஏறக்குறைய 6,000, ஜெராக்ஸ், தபால், இ-சேவை எல்லாம் சேர்த்து 700. லீவு போட்டதில் என் சம்பளம் போனது தனி.

திரும்பக் கிடைக்கக்கூடியவை இரண்டு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆட்டிசம் சேரும், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கேட்கமாட்டார்கள், தெரபிக்கும் ஒரு பகுதி உண்டு. வீட்டில் வருமான வரி கட்டுபவர் பழைய வரிமுறையில் இருந்தால், மாற்றுத்திறன் பிள்ளையைப் பராமரிப்பதற்காக (1961 சட்டத்தில் 80டிடி பிரிவு) 75,000 ரூபாய், 80 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்றால் 1,25,000 ரூபாய் கழிவு உண்டு. ஆட்டிசத்துக்குத் தனிப் படிவம் இருக்கிறது, ஆடிட்டரிடம் கேளுங்கள்.

"சதவீதம் கூட்டிப் போட்டுத் தரேன்" என்று ஆஸ்பத்திரி வாசலில் வருபவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உண்மையாகவே தகுதி உள்ள பிள்ளையின் சான்றிதழும் அதனால் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

8. பள்ளி அசையவில்லை என்றால்

முதலில் 14417, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண். அடுத்து முத்திரை போட்ட நகலோடு முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம், மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். எங்களுக்கு இரண்டாவது படியிலேயே பள்ளியிலிருந்து போன் வந்துவிட்டது.

பிள்ளை பள்ளி வாசலைப் பார்த்தாலே வாந்தி எடுக்கிறது, இரவில் தூங்குவதில்லை என்ற நிலை வந்துவிட்டால் இழுத்துப் பிடிக்காதீர்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்பில் சேரலாம். ஐந்து பாடம், தமிழ்வழியும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு, சேர்ந்ததிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொரு பாடமாக முடித்துக்கொள்ளலாம். மாற்றுத்திறன் மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. டியூஷன் சென்டர்கள் "நாங்களே பாஸ் பண்ணி வைக்கிறோம்" என்று பெரிய தொகை கேட்பார்கள். திறந்தநிலைப் பள்ளியின் இணையதளத்தில் நீங்களே பதியலாம்.

9. தேர்வு நாட்கள்

தேர்வு மையம் வேறு பள்ளி என்றால், ஒரு வாரம் முன்பே அனுமதி கேட்டு, கேட் எது, கழிப்பறை எங்கே, எந்தப் பக்கம் படிக்கட்டு என்று நடத்திக் காட்டுங்கள். நாங்கள் இரண்டு தடவை போனோம். இரண்டாவது தடவை அவன் படிக்கட்டை எண்ணிக்கொண்டான்.

கூடுதல் நேர ஆணையின் நகலைத் தினமும் ஹால் டிக்கெட்டோடு கொடுத்தனுப்புங்கள். அறைக் கண்காணிப்பாளர் தினமும் மாறுவார். முதல் நாள் 1.15க்கு மற்ற பிள்ளைகளின் தாளை வாங்கியபோது இவன் தாளையும் கேட்டிருக்கிறார்கள். அவன் ஒன்றும் பேசாமல் ஆணை நகலை எடுத்து மேசையில் வைத்திருக்கிறான். அதை முன்பே வீட்டில் பத்துத் தடவை பழக்கியிருந்தோம்: யாராவது தாளைக் கேட்டால், இந்த நகலை எடுத்து வை, பேச வேண்டாம்.

எழுதி முடிக்க 2.15 ஆகிவிடும். காலை ஏழு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை அதுவரை தாங்காது. ஒன்பதரைக்கு கேட்டுக்கு வெளியே ஒரு தடவை ஊட்டிவிடுங்கள், அவன் வழக்கமாகச் சாப்பிடுவதையே. எங்களுக்குத் தயிர்சாதம், ஊறுகாய் இல்லாமல். உள்ளே இருப்பது வெளியே தெரியும் தண்ணீர் பாட்டில், இரண்டு பேனா, ஒரே கம்பெனி, ஒரே நீலம். புதுச் சட்டை வேண்டாம், காலர் உறுத்தினால் மூன்று மணி நேரமும் அதிலேயே போய்விடும்.

முடிந்ததும் எல்லாத் தாள்களின் மூலத்தையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கும் நாளில் மறுபடி முதல் கடிதத்திலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். நான் போன வாரம்தான் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.